மரக்கட்டையின் நான்கு நிறங்கள்

அன்புள்ள ஐயா,

சோசலிசம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆலை அதிபர் ராபர்ட் ஓவனைக் ‘கற்பனாவாதி’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திக் காட்டியவர் அவர். மார்க்ஸோ நூலகத்தில் அமர்ந்து எழுதியவர். இருவருக்கும் இலக்கு ஒன்றுதான் என்னும்போது, இவர்களுக்கிடையிலான சண்டை வெறும் சொற்சண்டை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ச., கோவை

அன்புள்ள ச.,

ஒரே சொல்லில் கடந்தது என் பிழைதான். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையை 1800-இல் பொறுப்பேற்று லாபத்தோடு நடத்தியவரை, பத்து வயது நிரம்பாத குழந்தைகளை ஆலைக்குள் விடமாட்டேன் என்றவரை, பருத்தி வராமல் இயந்திரங்கள் நின்ற நான்கு மாதமும் முழுக்கூலி கொடுத்தவரைக் கற்பனாவாதி என்று சொல்ல நாக்கூச வேண்டும். ஆனால் சண்டை சொற்சண்டை அல்ல. அதைப் புரிந்துகொள்ள அந்த ஆலைக்குள்ளேயே ஒரு பொருளைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு தொழிலாளியின் இடத்துக்கு அருகிலும் விரல் நீள மரக்கட்டை ஒன்று தொங்கும். அதன் நான்கு பக்கங்களுக்கும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு வண்ணங்கள். முந்தைய நாள் அவர் நடந்துகொண்ட விதத்தை மேற்பார்வையாளர் மதிப்பிட்டு, மோசம் என்றால் கறுப்பையும், மிக நன்று என்றால் வெள்ளையையும் முன்பக்கம் தெரியும்படி திருப்பி வைப்பார். அடியும் வசவும் கிடையாது. ஓவன் அந்த வழியாக நடந்துபோகும்போது கட்டையையும் ஆளையும் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். அதற்குப் ‘பேசாக் கண்காணி’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார். மனிதனின் குணத்தைச் சூழ்நிலையே உருவாக்குகிறது, ஆகவே சூழ்நிலையைத் திருத்தினால் மனிதன் திருந்துவான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

கட்டையைத் திருப்பும் கை யாருடையது என்பதுதான் மார்க்ஸ் எழுப்பிய கேள்வி. 1845-இல் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் குறித்து எழுதிவைத்த குறிப்புகளில் மூன்றாவதில், சூழ்நிலையை மாற்றுகிறவர்களும் மனிதர்களே, கற்பிக்கிறவனும் கற்பிக்கப்பட வேண்டியவனே என்பதை இக்கோட்பாடு மறந்து, சமூகத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மற்றதற்கு மேலே நிறுத்திவிடுகிறது என்கிறார். மார்க்ஸ் அங்கே யார் பெயரையும் சொல்லவில்லை; 1888-இல் அதை அச்சிட்ட அவருடைய நண்பர் எங்கெல்ஸ்தான் ‘உதாரணமாக ராபர்ட் ஓவன்’ என்று சேர்த்தார். தொழிலாளர்கள் தங்கள் நிலைமையைத் தாங்களே மாற்றப் போராடுகையில்தான் தாங்களும் மாறுகிறார்கள் என்பது மார்க்ஸின் நிலை. ஆக, சேர வேண்டிய ஊர் ஒன்றாக இருந்தாலும், வண்டியை ஓட்டுகிறவர் யார் என்பதில் இருவருக்கும் உடன்பாடே இல்லை.

இது ஓவனோடு முடிந்த வழக்கும் அல்ல. ஆலை வாழ்க்கை தொழிலாளிக்குக் கட்டுப்பாட்டைக் கற்றுத்தந்திருக்கிறது, அது கட்சிக்குப் பயன்படும் என்று ரஷ்யப் புரட்சியாளர் லெனின் 1904-இல் எழுதியபோது, ஜெர்மனியில் இயங்கிய புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் அதே ஆண்டில் கடுமையாக மறுத்தார். முதலாளியின் கையிலிருந்த பிரம்பைக் கட்சியின் மத்தியக் குழுவின் கைக்கு மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர் சோசலிசக் கட்டுப்பாடு அல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். புரட்சி வேண்டாம், சீர்திருத்தமே போதும் என்ற ஜெர்மன் சோசலிஸ்ட் பெர்ன்ஸ்டைனை 1899-இல் எதிர்த்து எழுதிய அதே ரோசாதான் இதையும் எழுதினார். அவரை மென்மையானவர் என்று பாராட்டுகிறவர்களும், தீவிரமானவர் என்று ஒதுக்குகிறவர்களும் இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே படித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஓவனுக்கே இது பின்னாளில் உறைத்திருக்கிறது. நியூ லானார்க் மக்களைப் பற்றி எழுதுகையில், அவர்கள் என் தயவில் வாழ்ந்த அடிமைகளாகவே இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். கணக்கும் போட்டுப் பார்க்கிறார்: அங்கிருந்த 2,500 பேரில் உழைத்தவர்கள், அரை நூற்றாண்டுக்கு முன் 6,00,000 பேர் கொண்ட மக்கள்தொகையில் உழைப்பவர்கள் உண்டாக்கியிருக்கக்கூடிய செல்வத்தை உண்டாக்கினார்கள், அப்படியானால், 2,500 பேர் உண்டதுபோக மிச்சம் எங்கே போயிற்று? முதலீட்டுக்கு ஐந்து சதவீத வட்டியாகவும், அதற்கு மேல் மூன்று லட்சம் பவுண்டு லாபமாகவும் ஆலையின் உரிமையாளர்களிடம் போயிற்று என்று, அவர்களில் ஒருவராக இருந்த ஓவனே எழுதிவைத்திருக்கிறார்.