செம்மண்ணும் கறுப்புச் சேறும்

வணக்கம் சார்,

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சேர்ந்து கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். வருஷா வருஷம் சூப்பர் பாஸ்பேட் போட்டும் மண் பரிசோதனையில் மணிச்சத்து 'குறைவு' என்றே வருகிறது. இங்கே ஏன் தங்கவில்லை? அந்தச் சேற்றை ஒரு லோடு கொண்டுவந்து கொட்டினால் என்ன?

— ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த லோடு. வேண்டவே வேண்டாம். அது காப்புக்காடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சேற்றில் உப்பு இருக்கிறது, இரும்பு சல்பைடு இருக்கிறது. வெளியே அள்ளிப் போட்டுக் காற்று பட்டால் சல்பைடு கந்தக அமிலமாகிவிடும். மலை மண் ஏற்கெனவே அமிலம். செடி கருகித்தான் போகும்.

அப்புறம், உங்கள் தோட்டத்தில் மணிச்சத்து தங்காமல் இல்லை. தங்கியதுதான் வம்பு. ஏற்காட்டு மண்ணின் சிவப்பு இரும்புத் துரு. பாக்சைட் வெட்டிய மலை என்பதால் அலுமினியத்துக்கும் பஞ்சமில்லை. மணிச்சத்து மண்ணில் பாஸ்பேட்டாகத்தான் இருக்கும்; இரண்டும் அதைக் கண்டால் விடாது. வேருக்கு மிஞ்சுகிற கொஞ்சத்தைத்தான் பரிசோதனை காட்டுகிறது.

பிச்சாவரத்திலும் அதே இரும்புதான், ஆனால் அங்கே அதன் பிடி தளர்கிறது. சேற்றுக்குள் கொஞ்சம் இறங்கினாலே ஆக்சிஜன் கிடையாது. பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை வைத்துச் சமாளிக்கின்றன. அதில் பிறக்கும் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை வாடை. சல்பைடு இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, இரும்பு பிடித்திருந்த பாஸ்பேட் கரைந்து வெளியே வருகிறது. மேலே ஏறினால், காற்று படும் மேல்படலத்துத் துரு மறுபடி அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஒருமுறை படகுக்காரர் ஊன்றிய கழியோடு ஒரு கண்டல் வேர்த்துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. சேறு தார் போலக் கறுப்பு. அலசிப் பார்த்தால் வேரின்மேல் மட்டும் பழைய ஆணி போலச் செம்பழுப்புப் பூச்சு! மூச்சுவேர் வழியாக இறங்கிய காற்று வேரிலிருந்து கசிந்து, பக்கத்து இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. உங்கள் செம்மண்தான், நகக்கண் அளவுக்கு.

திருமணிமுத்தாற்றுச் சரிவில் உங்கள் தோட்டம் இருந்தால் பிச்சாவரத்தோடு இன்னொரு உறவும் உண்டு. (பேரிலேயே மணி!) அந்த ஆறு சேலத்துச் சாக்கடையையும் சோப்பு நுரையையும் வாங்கிக்கொண்டு காவிரியில் சேர்கிறது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில்தான் கடலில் விழுகிறது. வாணியாற்றுப் பக்கம் என்றால் உங்கள் மண் தென்பெண்ணைக்குப் போகும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். பாஸ்பேட்டை மண்மேல் தூவாதீர்கள். தொழுவுரத்தோடு கலந்து வேரருகே வையுங்கள். அமிலம் அதிகமென்றால் அதைத் தணிக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் போடலாம். ராக் பாஸ்பேட்டும் (பாஸ்பேட் பாறைத் தூள்) அமில மண்ணுக்குச் சரிப்படும். ஆனால் டோலமைட் போட்ட கையோடு அதைப் போட்டால் சரியாகக் கரையாது.