ராணுவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் 75 வயதுக்குப் பிறகும் தொடர்பு விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

வாட்ஸ்ஆப் குழுவில் 60 பேர் இருந்தும் நாலு பேர்தான் பேசுகிறார்கள், ஒரு நண்பர் இறந்த செய்தியே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். அந்த மூன்று மாதத்தில்தான் பதிலும் இருக்கிறது. குழுவில் தினமும் காலை வணக்கப் படங்கள் வந்து குவியும்போது எல்லோரும் இருப்பது போலவே தோன்றும். யார் மௌனமாகிவிட்டார் என்பது கண்ணில் படாது. கல்லூரியில் ரோல் கால் எடுத்ததே வராதவர் யார் என்று பார்க்கத்தான். அதையே திரும்பத் தொடங்குங்கள்.

முதல் வேலை பட்டியல். பயிற்சி முடித்து வெளிவந்த நாளின் பெயர் வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். ராணுவக் கல்லூரிகளில் இதற்கு நல்ல பிடிமானம் உண்டு. அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் கல்லம் எண் என்று ஒரு வரிசை எண் இருக்கிறது. கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமிக்காரர் என்றால் கோர்ஸ் எண்ணும், இருந்த பிரிவான ஸ்குவாட்ரனும் சொன்னாலே ஆள் பிடிபடுவார். நடுவில் விலகிப் போனவர்களையும், பயிற்சியில் பின்தங்கி (ரெலிகேட் ஆகி) அடுத்த கோர்ஸில் சேர்ந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். நம்மை இன்னும் கூட்டாளியாக நினைப்பார்களா என்று தயங்கிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். முதலில் நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

பட்டியலில் பெயர், அந்தக் காலத்துப் பட்டப்பெயர், பயிற்சிக் காலத்தில் இருந்த பிரிவு (கம்பெனி அல்லது ஸ்குவாட்ரன்), இப்போதிருக்கும் ஊர், கைபேசி எண், வீட்டு எண், மனைவியின் பெயரும் எண்ணும், பிள்ளைகளில் ஒருவரின் எண் எல்லாம் இருக்கட்டும். கடைசி நெடுவரிசையில் அவர் குரலை யாராவது கடைசியாகக் கேட்ட தேதி. மற்றதெல்லாம் இருந்து இது இல்லையென்றால் அது வெறும் முகவரிப் புத்தகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய எழுத்தில் அச்செடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள். போன் கெட்டுப்போனால் கையில் மிஞ்சுவது அந்தத் தாள்தான்.

அடுத்தது அழைப்பு முறை. 60 பேருக்கு 8 பேர் பொறுப்பேற்றால் ஆளுக்கு ஏழெட்டுப் பேர் வரும். அதற்கு மேல் போனால் அழைப்பவருக்குச் சலிப்பு வந்து, பேச்சு ‘சௌக்கியமா, சரி வைக்கிறேன்’ என்று சுருங்கிவிடும். கம்பெனி வாரியாகப் பிரிப்பது நல்லது. ஒரே பாரக்கில் படுத்து எழுந்தவர்களுக்குப் பேச விஷயம் தேட வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதி, காலை பத்துக்கு மேல். இரண்டு நாள் எடுக்கவில்லை என்றால் மனைவிக்கோ பிள்ளைக்கோ பேச வேண்டும். ஒரு வாரம் தகவலே இல்லையென்றால் அதே ஊரில் இருப்பவர் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அழைப்பவருக்கும் 78 வயது என்பதை மறக்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளை இப்போதே வைத்துவிடுங்கள்.

இப்படி ஏற்பாடு செய்தும் பல பேர் போன் பேசத் தயங்குவார்கள். பெரும்பாலும் காரணம் காதுதான், பலர் அதை வெளியே சொல்வதில்லை. துப்பாக்கிச் சத்தத்திலும் பீரங்கிச் சத்தத்திலும் கழிந்த காதுகளில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்கும். வயது அதோடு சேர்ந்துகொள்ளும். உயிரெழுத்து ஒலிகள் கேட்கும். ஸ, ஃப, த போன்ற மெல்லிய ஒலிகள் கரைந்துபோகும். அதனால்தான் ‘சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை’ என்கிறார்கள். கத்தினால் ஒலி இன்னும் சிதையும். குரலின் சுருதியைத் தாழ்த்தி, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடைவெளி விட்டுப் பேசுங்கள். புரியாத வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். தேதியும் எண்ணும் குறுஞ்செய்தியாகவும் போகட்டும். வீடியோவில் பேசினால் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும்; ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உதட்டசைவு தெரியாது. ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஜூமின் இலவசக் கணக்கு தரும் 40 நிமிடம் இந்த வயதில் தாராளம்.

வாட்ஸ்ஆப்பை விட வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று, படமும் ஃபார்வர்டும் போட இன்னொன்று. படங்கள் தானாக இறங்குவதை அணைத்துவிடுங்கள், இல்லையேல் போன் நிரம்பி முக்கியமான செய்தி வராமல் நிற்கும். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்ஆப் பொதுவாக நீக்கிவிடும். ‘கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்’ என்று நினைக்கும் நண்பர் மருத்துவமனையில் இருக்கலாம். உங்கள் போனுக்கு வாட்ஸ்ஆப் அனுப்பும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டு யார் செய்தி அனுப்பினாலும், நண்பர் பெயரிலேயே வந்தாலும், கொடுக்கக் கூடாது. அவசரமாகப் பணம் வேண்டும் என்று வந்தால் பழைய எண்ணுக்குப் போன் செய்து, டிரில் பயிற்றுநருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் என்ன என்று கேளுங்கள். கணக்கைத் திருடியவனுக்கு அது தெரியாது.

மரணச் செய்தியை ஒருவர் மட்டுமே அறிவிக்க வேண்டும், அதுவும் குடும்பத்தாரிடம் நேரடியாகக் கேட்ட பிறகு. உயிரோடிருப்பவருக்கு இரங்கல் குவிந்தால் அந்த வீடு படும் பாடு சொல்லி முடியாது. இறந்தவரின் எண்ணை உடனே நீக்காதீர்கள். அவர் மனைவியிடம், குழுவில் தொடர விருப்பமா என்று சில வாரம் கழித்துக் கேளுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் தேவைப்படும். அவற்றைக் கேட்டு வாங்கி அடுக்கிக்கொடுக்க ஒருவரை நியமித்தால் நூறு ஆறுதல் வார்த்தைக்குச் சமம்.

மறதி நோய் வந்தவரை அழைக்கும்போது ‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். உங்கள் பெயரையும் கம்பெனியையும் நீங்களே சொல்லி, பயிற்சிக் காலத்துக் கதைக்குள் நேராகப் போய்விடுங்கள். பழைய நினைவுகள் பெரும்பாலும் கடைசியில்தான் போகும்.

நேரில் கூடுவதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால், 75க்குப் பிறகு ஆண்டுதோறும் ஆக்குங்கள். 1942இல் ஜப்பான் மீது குண்டு வீசிய அமெரிக்க விமானப் படையினரான டூலிட்டில் குழுவின் 80 பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளிக் கோப்பை இருந்தது. ஒருவர் இறந்ததும் அவர் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்தாலும் படிக்க வசதியாகப் பெயரை மேலும் கீழுமாக இரண்டு முறை பொறித்திருந்தார்கள். கடைசி இருவர் திறப்பதற்கென்று 1896ஆம் ஆண்டு பிராந்திப் புட்டி ஒன்றும் இருந்தது. 2013இல் நான்கு பேர் மிஞ்சியிருந்தபோது, இருவராகும் வரை காத்திருக்காமல் அதைத் திறந்துவிட்டார்கள்.

இடம் தேர்வில் தரைத்தள அறை, கைப்பிடி உள்ள நாற்காலி, பக்கத்திலேயே கழிவறை, இவை போதும். மலரஞ்சலியின்போது உட்கார வையுங்கள். நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மதியம் ஓய்வுக்கு விடுங்கள். பொது நிதிக் கணக்கில் மூவர் பெயர் இருக்கட்டும், யாராவது இருவர் கையெழுத்து செல்லும்படி. இருவர் மட்டும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கு, ஒருவர் போனால் முடங்கும்.

ஒரு மணி நேரம் பழைய குழுப் படங்களுக்கு ஒதுக்குங்கள். 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் எடுத்து, இடமிருந்து வலமாக வரிசை வாரியாகப் பெயர் எழுதுங்கள். அசல் படத்தின் பின்புறம் பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும். மூன்றாவது வரிசையில் தொப்பி முகத்தை மறைத்திருக்கும் ஆள் யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது இருவர் இருக்கலாம். அவர்களை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.