காஸ்டிக் சோடா: லை வாங்குவதா, ஃப்ளேக்ஸ் வாங்குவதா?

தண்டையார்பேட்டையில் சலவை சோப்பு தயாரிக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் உப்பளங்கள் இருந்தும் உப்பிலிருந்து தயாராகும் காஸ்டிக் சோடாவின் (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? மணலியிலிருந்து டேங்கரில் வரும் 48 சதவீத லையை (காரத்தின் நீர்க்கரைசல்) வாங்குவதா, மூட்டையில் வரும் ஃப்ளேக்ஸை (திடமான காரச் செதில்கள்) வாங்குவதா?

விலையை ஆட்டிவைப்பவை மின்சாரமும் குளோரினும். உப்பின் பங்கு சிறியது. மெம்பரேன் செல்லில், அதாவது நடுவே சவ்வு வைத்த மின்பகுப்புக் கலத்தில், உப்புக்கரைசலைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சும்போது நேர்மின்வாயில் குளோரின் வெளிப்படுகிறது. சோடியம் அயனிகள் சவ்வைக் கடந்து எதிர்மின்வாய்ப் பக்கம் சென்று, அங்கே நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்தபின் எஞ்சும் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து, சுமார் 32 சதவீதக் காரக்கரைசலாகின்றன. ஒரு டன் காரத்துக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாவதோடு, ஏறத்தாழ 886 கிலோ குளோரினும் 25 கிலோ ஹைட்ரஜனும் உடன் விளைந்தே தீரும். நச்சு வாயுவான குளோரினைப் பெருமளவில் தேக்கிவைக்க இயலாது. ஆகவே அதற்கான தேவை மந்தமானால் ஆலை மின்னோட்டத்தையே குறைக்க நேரும், சோப்புத் தொழிலின் தேவை குறையாதபோதும் காஸ்டிக் வரத்து சுருங்கிவிடும். அதோடு, உப்பளத்து உப்பை அப்படியே கரைத்துச் செல்லில் விட முடியாது. கடலுப்போடு வரும் கால்சியமும் மக்னீசியமும் நூறு கோடியில் சுமார் 20 பங்குக்கும் கீழே குறையாவிட்டால் சவ்வு கெட்டுவிடும்.

இரண்டாவது கேள்விக்கு என் பரிந்துரை லைதான். 32 சதவீதக் கரைசலை ஆவியாக்கி 48 சதவீதமாக்குகிறார்கள். மீதி நீரையும் ஏறத்தாழ முழுவதும் அகற்றினால்தான் ஃப்ளேக்ஸ் கிடைக்கும், அந்த எரிபொருள் செலவும் மூட்டை விலையில் சேர்கிறது. 98 சதவீதத் தரமுள்ள 50 கிலோ மூட்டையில் காரம் 49 கிலோ. அதே காரத்துக்கு ஏறத்தாழ 102 கிலோ லை வேண்டும். இவ்விரண்டின் விலையையும் வண்டி வாடகை சேர்த்து ஒப்பிடுங்கள். மணலி அருகில் இருப்பதால் நீரைச் சுமந்துவரும் கூலி உங்களுக்குப் பெரிதாக இராது. கசிவைத் தாங்கும் தடுப்புச்சுவருடன் இரும்புத் தொட்டி வைக்க இடமில்லையென்றால் மட்டும் ஃப்ளேக்ஸ் வாங்குங்கள்.

அப்போது கடற்காற்றைக் கவனிக்க வேண்டும். பிரித்த மூட்டை ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். தராசில் எடை சரியாகக் காட்டினாலும் காரம் குறைந்திருக்கும், எண்ணெய் முழுதும் சோப்பாகாமல் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கார அளவை டைட்ரேஷன் (அமிலம் சேர்த்துக் கார அளவை அறியும் சோதனை) செய்து பார்த்தபின் எண்ணெய்க் கணக்கைப் போடுங்கள். கரைக்கும்போது கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நீரில் ஃப்ளேக்ஸைச் சிறிதுசிறிதாக இட வேண்டும்; ஃப்ளேக்ஸின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும்.