ஸ்பீக்கர் பெட்டி செய்யப் பலா மரம் சரிவருமா?

பழைய வீட்டைப் பிரித்ததில் பலாப் பலகைகள் கிடைத்திருக்கின்றன, வீணைக்கே பலா என்றால் ஸ்பீக்கர் பெட்டிக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கணக்கை நானும் போட்டேன். கும்பகோணத்துக்காரனுக்கு வேறெப்படித் தோன்றும்? தஞ்சாவூர் வீணையின் குடமும் பலா, தவிலின் கட்டையும் பலா. பரணில் கிடந்த பலகைகளை ஆசாரியிடம் கொடுத்து, 8 அங்குல வூஃபருக்கு, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கருக்கு, இரண்டு பெட்டிகள் செய்தேன். மஞ்சள் பூத்து அழகாகத்தான் இருந்தன. ஆனால் எந்தத் தவில் பதிவைப் போட்டாலும், தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் பக்கத்தில், விழும் அடியெல்லாம் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டு நின்றது. ஆசாரி பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார். பெட்டியும் கூடவே வாசிக்கிறது என்று சிரித்தார்.

விஷயம் அதுதான். வீணைக்குடம் அதிர்ந்தால்தான் நாதம். ஸ்பீக்கரில் அதிர வேண்டியது கூம்பு மட்டும். பெட்டியும் அதிர்ந்தால் பதிவில் இல்லாத ஒலி வந்து சேரும். போதாததற்கு, அகலப் பலகை மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் என் பெட்டியின் மூலை விரிந்து, காற்று கசிந்து ‘புஸ்’ என்றது. தேக்கு இவ்வளவு ஆட்டம் காட்டாது; ஆனால் உள்ளே மறையப்போகும் பலகைக்கு அந்த விலை வீண்.

அடுத்து எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ரேகையே கிடையாது, நல்ல கனம். 8க்கு 4 அடி, 18 மி.மீ. பலகை சுமார் 40 கிலோ வரும். ஒலிக்கு இன்றும் எனக்கு அதுவே பிடிக்கும். நம் ஊர் அடைமழைதான் அதற்கு எமன். கார்த்திகையில் தரை ஓதம் ஏறி, அடிவிளிம்பு அப்பளமாக உப்பியது. காய்ந்த பிறகும் வடியவில்லை.

இப்போது இருப்பது 18 மி.மீ. பிளைவுட், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. வெட்டிய விளிம்பில் பொந்து தெரிந்தால் வாங்காதீர்கள், அந்த இடம் ரீங்கரிக்கும். இன்னும் தடியான பலகை தேடுவதைவிட, எதிரெதிர்ப் பக்கங்களை இணைத்து உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். சரிநடுவில் வேண்டாம், சற்றுத் தள்ளி. மூட்டுகளில் பசை தாராளமாக ஓடட்டும்.

உங்கள் பலாவில் பெட்டிக்குக் கால்கள் செய்துகொள்ளலாம். என் பழைய பெட்டிகளில், வூஃபர் ஓட்டையை அடைத்துவிட்டு, அம்மா புளி போட்டு வைத்திருக்கிறார்.