முப்பதாயிரத்துக்குள் லேப்டாப்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், பையன் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கடையில் 22 ஆயிரத்துக்கு செலரான் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி என்று ஒன்றைக் காட்டி, "ஸ்கூல் வேலைக்கு இதுவே ஜாஸ்தி" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 64 ஜிபி சேமிப்பு, வேகமான எஸ்எஸ்டி அல்ல, மெதுவான இஎம்எம்சி. விலை குறைந்த போன்களில் வருகிற வகை. போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். பெரிய அப்டேட் வரும்போது இடம் பத்தாமல் பாதியில் நின்றுவிடும். செலரான் என்4020 என்றால் இரண்டே கோர், அதாவது பிராசஸருக்குள் வேலை செய்யும் அலகு இரண்டுதான். வீடியோ வகுப்பு ஓடும்போது பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான், மைஎஸ்க்யூஎல். இவற்றுக்குப் பெரிய பிராசஸர் தேவையே இல்லை. ஆனால் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, இந்த இரண்டில் மட்டும் இறங்கிவராதீர்கள்.

கேள்வி: அண்ணா, இன்டெல் ஐ3-1215யூ பிராசஸரோடு ஒன்று, ஏஎம்டி ரைசன் 3 7320யூ-வோடு ஒன்று. ரெண்டும் 8 ஜிபி. எது?

பதில்: ஐ3. அதில் இரண்டு பெரிய கோர், நாலு சின்ன கோர். ரைசனில் மொத்தமே நாலு. அதன் எண்ணில் முதல் இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: 7 என்பது 2023-ம் ஆண்டு வரிசை என்று மட்டும் சொல்கிறது. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது என்ன தலைமுறை என்று காட்டும். 7320யூ-வில் அது 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 என்ற ஏஎம்டி வடிவமைப்பு. இதே கணக்கில் 7520யூ-வும் பழசு, 7530யூ ஜென் 3. தவிர, 7320யூ-வில் ராம் எப்போதுமே போர்டில் பற்றவைத்ததுதான்; பிற்பாடு கூட்டவே முடியாது.

ஐ3-யிலும் மாடலுக்கு மாடல் மாறும். கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி போய்ப் பாருங்கள். ஃபார்ம் ஃபேக்டர் 'சோடிம்', ஸ்லாட் '1 ஆஃப் 2' என்றிருந்தால் இன்னொரு ராம் செருகலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அது பற்றவைத்த ராம்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்ட் லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா சார்?

பதில்: இருபதாயிரத்துக்குக் கீழே பட்ஜெட் என்றால் என் முதல் சிபாரிசே இந்த வகைதான். கீபோர்டு, கீல் எல்லாம் ஆபீஸ் உழைப்புக்குச் செய்தவை. ஆனால் நாலு இடத்தில் கவனம்.

டி480-ஐ ஏழாம் தலைமுறை பிராசஸரோடும் விற்றிருக்கிறார்கள். ஐ5-8250யூ அல்லது 8350யூ-தானா என்று திரையில் பாருங்கள். ஏழாம் தலைமுறை என்றால் விண்டோஸ் 11-க்கு ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது பேட்டரி. இதில் உள்ளே ஒன்று, கழற்றுகிற மாதிரி வெளியே ஒன்று. கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஒட்டினாற்போல் பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபைல் வரும். அதில் டிசைன் கெபாசிட்டி 24,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 12,000 என்றிருந்தால் பாதி உயிர் போய்விட்டது. புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

மூன்றாவது, பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாக, ரீசெட் செய்து வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனி பெயரில் லாகின் கேட்டால், அந்தக் கம்பெனி இன்னும் தன் பட்டியலிலிருந்து அதை எடுக்கவில்லை என்று அர்த்தம். விற்பவர் "அதெல்லாம் தட்டிவிடலாம்" என்பார். அடுத்த ரீசெட்டில் மறுபடி வந்து நிற்கும்.

கேள்வி: பொண்ணு காமர்ஸ் படிக்கிறாள். குரோம்புக் மலிவாக இருக்கிறதே?

பதில்: பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் டேலி பாடம் உண்டு, அது விண்டோஸ் மென்பொருள், குரோம்புக்கில் நேரடியாக ஓடாது. ஆகவே உங்களுக்கு ஒத்துவராது. வெறும் பிரவுசிங், வீடியோ பாடம் என்றால் நல்ல பொருள்தான். அப்டேட் பத்து வருஷம் என்பது அந்த வகை முதலில் வெளிவந்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. செட்டிங்ஸில் அந்த மாடலின் கடைசித் தேதி இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய லேப்டாப், ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி. ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம். தேற்ற வழி உண்டா அண்ணா?

பதில்: உண்டு. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 240 ஜிபி ஒன்று போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகட்டை மறக்காமல் இதற்கு மாற்றிக்கொண்டு. உள்ளே வேறெதையும் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ராம் வாங்குமுன் பழையதன் லேபிளைப் படியுங்கள்: டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் இறங்காது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின் என்றால் லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் தனியாக வாங்கணுமா?

பதில்: வேண்டாம். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும். அந்தக் காசுக்கு ஒரு பேக்கப் பென்டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள்.