கெய்ராங்கர்: சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் நார்வே கிராமம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கப்பல் கெய்ராங்கரில் ஒரு பகல் முழுவதும் நிற்கும் என்கிறார்கள். என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவரால் கரையில் இறங்க முடியுமா?

பதில்: பெரிய கப்பல்களை நேராக அணைத்துக் கட்டும் அளவுக்கு அங்கே துறைமுகச் சுவர் கிடையாது. 2013 முதல் சீவாக் என்னும் மிதவைத் துறை ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து நீண்டு சென்று கப்பலின் பக்கவாட்டுக் கதவோடு அது சேர்ந்துகொள்வதால், பயணிகள் நடந்தே கரைக்கு வந்துவிடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கப்பலுக்குத்தான் அது பயன்படும். மற்றக் கப்பல்கள் ஃபியோர்டில் (செங்குத்தான மலைகளுக்கு இடையே நிலத்துக்குள் நீண்டு வரும் கடல் பகுதி) நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். உங்கள் கப்பல் எந்த வகையில் நிற்கப்போகிறது என்பதைப் பயண நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படகு என்றால், முதல் நெரிசல் அடங்கிய பிறகு அம்மாவை அழைத்துச் செல்வதே நல்லது.

கேள்வி: கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் புறப்பட்டு அங்கேயே திரும்புகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்குப் பிரிட்டன் விசா மட்டும் போதுமா?

பதில்: போதாது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது; பிரிட்டன் அதில் இல்லை. ஆகவே இரண்டு விசாக்களும் தேவை.

கேள்வி: கிடைக்கும் சில மணி நேரத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: பெரும்பாலோர் இறங்கியதும் பேருந்தில் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள டால்ஸ்னிப்பா மலை உச்சிக்கோ, 1955இல் திறக்கப்பட்டுப் பதினொரு கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கழுகுச் சாலைக்கோ போய்விடுகிறார்கள். இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் நடக்கக்கூடியவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஊருக்கு நடுவே பாய்ந்து இறங்கும் அருவியை ஒட்டி அமைத்திருக்கும் 327 படிகளைத்தான். படியில் நிற்கும்போதே சாரல் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. திரும்பிப் பார்த்தால், கீழே நிற்கும் கப்பல் கிராமத்தையே மறைத்துக்கொண்டு நிற்பது தெரியும். படிகள் முடியும் இடத்துக்கு அருகிலேயே ஃபியோர்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1842இல் கட்டப்பட்ட எண்கோண மரத் தேவாலயத்தையும் இந்த நடையிலேயே பார்த்துவிடலாம்.

ஏழு சகோதரிகள் அருவியைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம். அதற்கு எதிர்ப்பக்கப் பாறை விளிம்பில் ஸ்கேகஃப்ளோ என்ற கைவிடப்பட்ட பண்ணை வீடு இருக்கிறது. நார்வே மன்னர் ஹரால்டும் அரசி சோனியாவும் 1993இல் தங்கள் திருமண வெள்ளி விழாவைக் கொண்டாடியது அங்கேதான். அவ்வளவு செங்குத்தான இடத்தில் குடும்பங்கள் ஆடு வளர்த்துப் பிழைத்திருக்கின்றன என்பதை மேல்தளத்தில் நின்றபடி ஒரு நிமிடமாவது எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: இனிமேல் பெரிய கப்பல்கள் அங்கே போக முடியாது என்று படித்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. கெய்ராங்கர் ஃபியோர்டு 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. ஆயிரம் மீட்டரைத் தாண்டும் மலைச்சுவர்களுக்கு இடையே காற்று அசையாத கோடை நாட்களில், கப்பல் புகை வெளியேற வழியின்றி நீலப் படலமாகத் தேங்கி நிற்கும். அதனால்தான் உலக மரபு ஃபியோர்டுகளுக்கென 2019இல் கடுமையான புகை, கழிவுநீர் விதிகள் வந்தன. 2026 முதல் மாசு வெளியேற்றமே இருக்கக் கூடாது என்று நார்வே நாடாளுமன்றம் 2018இல் முடிவெடுத்தது. ஆனால் அந்தக் கெடு இப்போது 10,000 டன்னுக்குக் குறைவான கொள்ளளவுள்ள பயணிகள் கப்பல்களுக்கு மட்டுமே பொருந்தும். பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். அதிகப் புகை விடும் கப்பலுக்கே அதிக அவகாசம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கேள்வி: உள்ளூர் மக்கள் கப்பல்களை விரும்புகிறார்களா, வெறுக்கிறார்களா?

பதில்: இரண்டில் ஒன்று என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆண்டு முழுவதும் அங்கே வசிப்பவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். ஒரே கப்பலில் மூவாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். 1869இலேயே முதல் சுற்றுலாக் கப்பல் வந்த ஊர் அது. மலையைக் கடந்து தெற்கே போகும் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்பட்டுவிடுவதால், கோடையின் சில மாத வருமானத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் ஆண்டைத் தள்ளுகின்றன. என் கருத்தில், சிக்கல் கப்பல் வருவதில் இல்லை. பல கப்பல்கள் ஒரே நாளில் வருவதிலும், சாப்பாடு முதல் சுற்றுலாச் சீட்டு வரை எல்லாவற்றையும் கப்பலிலேயே வாங்கிவிட்டு வருபவர்கள் ஊரில் எதுவும் செலவழிக்காமல் திரும்புவதிலும்தான் இருக்கிறது. ஆகவே மதிய உணவையாவது கரையில் சாப்பிடுங்கள்.

கேள்வி: அருகில் ஒரு மலை இடிந்து விழப்போகிறதாமே, பயப்பட வேண்டுமா?

பதில்: ஓக்கர்னெஸ் என்ற மலைச்சரிவில் ஒரு நீண்ட பிளவு ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் விரிந்து வருகிறது. அது ஒருநாள் ஃபியோர்டில் சரிந்தால், எழும் பேரலை சில நிமிடங்களிலேயே ஹெல்லசில்ட், கெய்ராங்கர் ஆகிய ஊர்களைத் தாக்கும். 1934இல் அருகிலுள்ள டாஃபியோர்டில் இப்படி எழுந்த அலை 40 உயிர்களைப் பறித்தது. ஆனால் ஓக்கர்னெஸ் இரவுபகலாகக் கருவிகளால் கண்காணிக்கப்படுகிறது. சரிவுக்கு முன் அசைவு வேகமெடுக்கும் என்பதால், மக்களை வெளியேற்ற முன்கூட்டியே அவகாசம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

பதில்: ஜூன். பனி உருகி அருவிகள் நிறைந்து ஓடும்; இரவிலும் முழு இருட்டு வராது. கோடையின் கடைசியில் ஏழு சகோதரிகளில் சிலர் மெலிந்தே போய்விடுவார்கள்.