வாடகை வீண் காசு என்று யார் சொன்னது?

கேள்வி: டவுனில் இரண்டு மரக்கறிக் கடைகளும், ஏப்ரல் சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடொன்றும் எனக்கு இருக்கின்றன. மகள் லண்டனில் மூன்று வருடப் பட்டப்படிப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். அவளும் தோழியும் இருக்கிற வீட்டுக்கு வாரம் 600 பவுண் வாடகை. பாதி நம் தலையில். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நடந்த கண்காட்சியில், தேம்ஸ் கரையில் கட்டப்படும் சொகுசு மாடி வீடொன்றை 8 இலட்சம் பவுணுக்குக் காட்டினார்கள். வாடகையைக் கொட்டி அழுவதைவிட வாங்கிவிடுங்கள், படிப்பு முடிந்ததும் உல்லாசப் பயணிகளுக்கு விடலாம், விசாவும் சுலபம் என்கிறார்கள். கடைகளையும் சீசன் வீட்டையும் விற்று, குறைகிறதற்கு மைத்துனரோடு பங்கு சேர்ந்து வாங்கலாமா? அவர்கள் தந்த விளம்பரப் புத்தகத்தை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், நுவரெலியா

பதில்: வேண்டாம் ஐயா. கடைகளை விற்க வேண்டாம்.

புத்தகத்தைப் படங்களை விட்டுவிட்டுப் படித்தேன். 14 ஆம் பக்கத்தில், சாவி கையில் கிடைக்க 28 மாதங்கள் ஆகும் என்று போட்டிருக்கிறது. அதற்குள் மகள் மூன்றாம் வருடத்தில் பாதியைத் தாண்டியிருப்பாள். அதுவரை வாடகை கட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

அடுத்து முத்திரை வரி. 8 இலட்சம் பவுண் வீட்டுக்குச் சாதாரணமாக 30,000 பவுண். நீங்கள் குடியிருக்கும் நுவரெலியா வீடு உங்கள் பெயரில் இருப்பதால், லண்டன் வீடு பிரித்தானிய வரிக்காரர் கணக்கில் இரண்டாவது வீடு. அதற்கு இன்னும் 5 வீதம். வீடு உலகத்தில் எங்கே இருந்தாலும் எண்ணுவார்கள். பிரித்தானியாவில் வசிக்காதவர் என்பதற்கு மேலும் 2 வீதம். கூட்டினால் 86,000 பவுண். உங்கள் பங்கு வாடகை வருடத்துக்கு 15,600. ஐந்தரை வருட வாடகையை, கதவைத் திறக்கு முன்னமே, வரியாக மட்டும் கட்டப் போகிறீர்கள். வாடகை வீண் காசு என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாரா?

மகள் பெயரில் வாங்கினால் குறையும் என்று தரகர் சொல்வார். குறையும்தான். அப்புறம் வீடு அவளுடையது, உங்களுடையது அல்ல. மைத்துனரும் பணம் போடுகிற இடத்தில் இதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது: 125 வருடக் குத்தகை. லண்டன் மாடி வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். நிலம் வேறொருவருடையது; நீங்கள் வாங்குவது நீண்ட காலம் இருக்கும் உரிமை. மேஃபெயர், பெல்கிரேவியா என்று பேர்போன இடங்களிலும் ஏராளமான காணி வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் குடும்பத்துக்குச் சொந்தம். 1677 இல் நடந்த ஒரு கல்யாணத்தில் வந்த சொத்து. நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டக் கம்பனிகளே அரசாங்கத்திடமிருந்து 2045 வரை குத்தகைக்குத்தான் மலையை வைத்திருக்கின்றன. லயத்துக்கு முன்னால் ஒரு தாவாரம் இறக்கவும் துரையிடம் கேட்டு நின்றவர்கள் நம் தாத்தாமார். ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு இன்றைக்கும் அலைகிற சனத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, உறுதியோடு இருக்கிற கடைகளை விற்றுக் குத்தகை வாங்குவதா? அங்கேயும் சுவரை இடிக்க, நாய் வளர்க்க, வீட்டை வேறொருவருக்கு விட அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

புதிய குத்தகைகளுக்கு 2022 ஜூன் 30 முதல் நிலவாடகை வசூலிக்க முடியாது. அது நல்லது. ஆனால் பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படியொரு தடை இல்லை. உங்கள் புத்தகத்தில் சதுர அடிக்கு 9 பவுண், 750 சதுர அடி. வருடத்துக்கு 6,750 பவுண். பக்கத்திலேயே ‘மதிப்பீடு மட்டும்’ என்று ஒரு குறிப்பு. நீச்சல் குளத்தில் நீங்கள் காலை நனைக்காவிட்டாலும் அதற்கும் காசு. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற மாடிக் குடியிருப்பு 2017 இல் எரிந்து 72 பேர் செத்த பிறகு, வெளிச்சுவரில் தீப்பிடிக்கும் பலகை பதித்த கட்டடங்களில் எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல், திருத்தச் செலவைக் கட்டவும் முடியாமல் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களும் வீடு வாங்கியவர்கள்தான்.

சீசனுக்கு வீடு விட்டுப் பழகியவர் நீங்கள். ஏப்ரலில் பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் வந்தால் ஒரு மாதத்திலேயே நல்ல காசு பார்ப்பீர்கள். லண்டனில் முழு வீட்டை நாள் கணக்கில் விடுவதென்றால், தனி அனுமதி எடுக்காமல் வருடத்துக்கு 90 இரவுகள்தான். அதையும் குத்தகைப் பத்திரம் தடுக்கலாம். சரி, மாத வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால், நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் முகவர் 20 வீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புவார். முன்கூட்டி அங்குள்ள வரித் திணைக்களத்தின் அனுமதி வாங்கினால் மட்டும் முழுதாக வரும். வரி அப்போதும் வரிதான். உங்களுக்குப் பிறகு வீடு மகளுக்குப் போகும்போது, உங்கள் பங்கின் பெறுமதியில் 325,000 பவுணுக்கு மேற்பட்டதற்கு 40 வீதம் மரண வரி.

விசாவா? முதலீட்டாளர் விசாவை 2022 பெப்ரவரியில் மூடிவிட்டார்கள். அது இருந்த காலத்திலும் வீடு வாங்கியதை முதலீடாக எடுக்கவில்லை. இதைச் சொன்ன ஆளிடம் வேறு எதையும் நம்பாதீர்கள்.

பணத்தை எப்படி அனுப்புவது என்று நீங்கள் கேட்கவேயில்லை. அதுதான் எனக்குப் பயம். மகளின் படிப்புச் செலவுக்கு வங்கி அனுப்பும். வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்புவது வேறு சங்கதி. 2017 இன் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அது மூலதனக் கொடுக்கல் வாங்கல். வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் வழியில், போட்டுவிடலாம் என்று யாராவது காதில் ஓதினால், அது குற்றம் என்பது ஒரு பக்கம். லண்டன் சட்டத்தரணி பணம் வந்த வழிக்கு ஆதாரம் கேட்பார், கேட்க வேண்டியது அவர் சட்டக் கடமை. உண்டியல்காரர் துண்டில் எழுதித் தருகிற இலக்கத்தையா காட்டுவீர்கள்?

ஆகவே மகள் வாடகைக்கே இருக்கட்டும். வாரக் கணக்கை நாலால் பெருக்காதீர்கள். 52 ஆல் பெருக்கி 12 ஆல் பிரித்தால் மாதம் 2,600 வரும். இந்த அளவு வாடகைக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புப் பணம் கேட்க முடியாது, அதையும் 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிய வேண்டும். பதிந்த கடிதத்தை மகளிடம் கேட்டுப் பாருங்கள். இருவரும் முழுநேர மாணவிகள் என்றால் நகரசபை வரியும் இல்லை. 2025 இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல், காரணம் காட்டாமல் வீட்டுக்காரர் எழுப்ப முடியாது.

முற்பதிவுப் பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தாலும், இங்கிலாந்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் வரை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எவ்வளவு திரும்பி வரும் என்பது அந்தப் படிவத்தில் இருக்கும். அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கண்காட்சிக்காரர் சிபாரிசு செய்தவரிடம் அல்ல, நீங்களே தேடிப் பிடித்த ஒருவரிடம்.